அந்தப் பதினைந்து நிமிடம் யார் பொறுப்பு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவினர் நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும், வேலையில்லாத் திண்டாட்டம், டிப்ளமோவா டிகிரியா, பெண் கல்வி என்று ஆளுக்கொரு தலைப்பை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் வேண்டியதுதான். நான் எடுத்துக்கொண்டது கதண்டு. "ஏன்டா, வேற சப்ஜெக்ட்டே கெடைக்கலையா?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். கிடைக்காமல் இல்லை. இதை எழுதாமல் வேறு எதையும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து நண்பர்களுக்குக் கதண்டு என்றால் விளக்கம் தேவையில்லை. ஹாஸ்டலில் இருக்கும் வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். குளவியிலேயே பெரிய ஜாதி. பனைமரத்து உச்சியில், பாழடைந்த கட்டடத்தில், ஏரிக்கரைப் புதரில் பானையைக் கவிழ்த்தது போலக் கூடு கட்டும். தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கை விட்டுவிட்டுச் செத்துப்போகும். கதண்டு அப்படி இல்லை. ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். கூடு கலைந்தால் கூட்டத்தோடு வரும். செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் 'கதண்டு கடித்து' என்று ஆரம்பிக்கும் தலைப்பை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நானும் அப்படித் திருப்பியவன்தான்.

நான் செய்த தவறு

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். 2023-ல் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தபோது டிராஃப்டரும் டிராயிங் போர்டும் வாங்கப் பணம் கொடுத்தவர் என் பெரியம்மா. நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்து வைத்த பணம். டிராஃப்டரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என்னடா நண்டுக் காலு மாதிரி இருக்கு!" என்று சிரித்தார்.

அந்த வருடம் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. ஏரி வாய்க்காலில் இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். புதரை வெட்டும்போது யாருடைய அரிவாளோ கூட்டில் பட்டுவிட்டது. சத்தம் கேட்டு நான் ஓடிப்போனபோது எல்லோரும் வேப்பமரத்தடிக்கு வந்திருந்தார்கள். சிலருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் கடி. பெரியம்மாவுக்கு மூன்றே மூன்று. "மூணு கடிதான, ஒண்ணும் ஆவாது" என்று சுண்ணாம்பு தடவினார்கள். முந்தின வருடமும் ஒருமுறை அவரைக் கதண்டு கடித்திருந்தது. அப்போது கை வீங்கியதோடு சரி.

கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்தது. வாந்தி எடுத்தார். குரல் கம்மிப் போனது. "தொண்டைய அடைக்குதுடா... கண்ணு இருட்டுது" என்றார். கூட்டத்தில் ஒரு தாத்தா என்னைப் பார்த்து, "தம்பி, நீதான் படிச்சவனாச்சே, என்ன பண்றதுன்னு சொல்லு" என்றார்.

நண்பர்களே, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வாரம்தான் நியூட்டன் விதிகளில் டெஸ்ட் எழுதி முழு மார்க் வாங்கியிருந்தேன்.

108-க்குப் போன் செய்தோம். வண்டி கிளம்பிவிட்டது என்றார்கள். காத்திருக்கப் பொறுமை இல்லை. மரத்தடியில் படுத்திருந்தவரைத் தூக்கி பைக்கில் நடுவில் உட்கார வைத்தோம். பின்னால் உட்கார்ந்து அவரைச் சாயாமல் பிடித்துக்கொண்டவன் நான். "நிமிந்து உக்காரு பெரியம்மா, இதோ வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். தார் ரோட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே அவருடைய தலை என் தோளில் விழுந்துவிட்டது. எதிரே வந்த 108 வண்டியில் ஏற்றினோம். அதில் இருந்தவர் படுக்கவைத்து, ஊசி போட்டு, நெஞ்சை அழுத்தி, தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். பலன் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உக்கார வெச்சா தம்பி கூட்டியாந்தீங்க?" குற்றம் சொல்லவில்லை, கேட்டார். அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நான் டாக்டர் இல்லை. மெக்கானிக்கல் மாணவன். இரண்டு வருடமாக நர்சம்மாவிடமும் 108 பணியாளர்களிடமும் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கதண்டு இரண்டு விதமாகக் கொல்லும். நிறையக் கடி விழுந்தால் விஷத்தின் அளவே அதிகமாகிச் சிறுநீரகம் கெடும். அது ஒருநாள், இரண்டு நாள் கழித்தும் தெரியவரும். இன்னொன்று அலர்ஜி. இதற்கு ஒரு கடியே போதும். முன்பு எப்போதோ கடித்ததை உடம்பு பகையாக ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அளவுக்கு மீறிப் பொங்கி எழுகிறது. இதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர். 1902-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் ரிஷே, போர்த்தியே இருவரும் வைத்த பெயர். அந்த ஆராய்ச்சிக்காக ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசு கிடைத்தது. கதண்டு மட்டுமல்ல, பென்சிலின் ஊசி, வேர்க்கடலை, நம் ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்கொட்டை கூடச் சிலருக்கு இதைச் செய்யும்.

நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று குழாய்கள் எல்லாம் ஒரேயடியாக அகலமாகிவிட்டன. போதாக்குறைக்கு எல்லா ஜாயிண்டிலும் கசிவு. பிரஷர் எப்படி நிற்கும்? இரத்தக் குழாய்களில் நடப்பது அதுதான். இரத்த அழுத்தம் விழுகிறது. இன்னொரு பக்கம் தொண்டை வீங்கி, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இந்த நேரத்தில் ஆளைத் தூக்கி நிறுத்தினால் இருக்கிற இரத்தமும் காலில் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வர எதுவும் இருக்காது. காலி டேங்க்கில் பம்ப் ஓடுவது போல.

இங்கிலாந்தில் பம்ஃபிரே என்ற மருத்துவர் இப்படி இறந்தவர்களின் பதிவுகளை எல்லாம் சேகரித்துப் பார்த்தார். 2000-ல் வெளியிட்ட ஆய்வில், பூச்சி கொட்டி இறந்தவர்களுக்கு மூச்சோ இதயமோ நிற்க ஆன நேரம் நடுமட்டமாக 15 நிமிடம் என்று கண்டார். 2003-ல் இன்னொன்றையும் எழுதினார். படுத்திருந்தவரை எழுப்பி உட்கார வைத்ததும் சில நொடிகளில் உயிர் போனது உண்டு என்று. அதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. படுக்க வைத்திருந்தால் பெரியம்மா பிழைத்திருப்பாரா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் செய்யக்கூடாததை அன்புடன் செய்தோம் என்பது மட்டும் நிச்சயம்.

இதற்கு மருந்து இருக்கிறது. புது மருந்தும் இல்லை, அபூர்வ மருந்தும் இல்லை. அட்ரினலின். விரிந்த குழாயைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரிக்கும். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம், தொடையின் நடுவில் வெளிப்பக்கம், தசையில் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் அவில், டெக்சா என்கிறோம். அரிப்புக்கு அவில் உதவும். விழுகிற இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. அட்ரினலினுக்குப் பதிலாக அதைப் போட்டுக் காத்திருந்தால் போவது நேரம்தான்.

முதலில் வருபவர் யார்?

1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007-ல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108 ஓடுகிறது. 2022-ல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி நம்மை நோக்கி நெருங்கி வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனாலும் கடைக்கோடி ஏரிக்கரையிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் டாக்டரிடம் போய்ச் சேர முடியுமா? முடியாது. எவ்வளவு வேகமான டிரைவராலும் முடியாது.

அப்படியானால் அந்தப் பதினைந்து நிமிடம் யார் பொறுப்பு? பக்கத்தில் இருப்பவர்தான். வேலை நடக்கும் இடத்தில் பணித்தளப் பொறுப்பாளர். துணை சுகாதார நிலையத்து நர்சம்மா. கூட்டை அழிக்க வரும் தீயணைப்பு வீரர். பஸ்ஸில் கண்டக்டர். பள்ளியில் ஆசிரியர். இவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், மருந்தும் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

"ஊசி போடுறது டாக்டர் வேலை. கண்டவன் கையில குடுத்தா விபரீதம் ஆகாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏற்கனவே போலி டாக்டர்களால் படும் பாடு போதாதா? இந்த மருந்தையே தவறான அளவில், தசைக்குப் பதில் இரத்தக் குழாயில் ஏற்றினால் ஆபத்துதான். அதனால்தான் பயிற்சி என்கிறேன். எல்லோருக்கும் சிரிஞ்சு கொடுக்கச் சொல்லவில்லை. ஊசி போடுவது பயிற்சி பெற்று, அனுமதியும் பெற்றவரின் வேலை. அடையாளம் கண்டு, படுக்க வைத்து, சரியான தகவல் சொல்வது நம் எல்லோருடைய வேலை.

முடியாத காரியமா? நினைத்துப் பாருங்கள். 2021-ல் கொரோனா தடுப்பூசி போட்டதும் 30 நிமிடம் பெஞ்சில் உட்கார வைத்தார்களே, ஏன்? இந்த அலர்ஜி வந்துவிடக்கூடாதே என்றுதான். ஒவ்வொரு முகாமிலும் அட்ரினலினோடு ஒரு பெட்டி தயாராக இருந்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், நாம் உட்கார்ந்து படித்த அதே வகுப்பறையில்! தடுப்பூசிக்காக வைக்க முடிந்த பெட்டியைக் கதண்டுக்காகவும் வைக்க முடியாதா?

வெளிநாட்டைப் பாருங்கள். ஜப்பானிலும் பெரிய குளவிகள் உண்டு, காட்டு வேலை செய்பவர்கள் சாவதும் உண்டு. அங்கே தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் பேனா போன்ற அட்ரினலின் ஊசிக்கு 2003-ல் அனுமதி கொடுத்தார்கள். முதல் அனுமதியே பூச்சிக்கடிக்காகத்தான். 2009-ல், நோயாளி கைவசம் வைத்திருக்கும் அந்த ஊசியை ஆம்புலன்ஸ் பணியாளரே போடலாம் என்றார்கள்.

"பேனா ஊசிக்கு நாம எங்க போறது?" என்கிறீர்களா? அமெரிக்காவில் 2016-ல் இரண்டு பேனா கொண்ட பெட்டி 600 டாலரைத் தாண்டியது. அந்த நாட்டுக்காரர்களுக்கே கட்டவில்லை. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி என்ற மாவட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2014-லேயே பேனாவை விட்டுவிட்டு, சாதாரண மருந்துக் குப்பி, சிரிஞ்சு, ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் சேர்த்து ஒரு பெட்டி தயாரித்தார்கள். முதலில் போய்ச் சேரும் பணியாளர்களுக்கு அதில் பயிற்சி கொடுத்தார்கள். குப்பியும் சிரிஞ்சும் நம்மிடம் இல்லையா? அட்ரினலின் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துதானே! நமக்கு இல்லாதது பயிற்சியும் பட்டியலும்தான்.

கேட்பதும் செய்வதும்

அரசிடம் நான் கேட்பது மூன்று. ஒன்று, நம் இரண்டு மாவட்டத்திலும் கூடு அழிக்கப் போகும் ஒவ்வொரு தீயணைப்பு வண்டியிலும் இந்தப் பெட்டியும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்திலும் தடுப்பூசி நாளில் மட்டுமல்லாமல் எந்த நாளும் மருந்து இருக்க வேண்டும், நர்சம்மா அதைப் போட எழுத்தில் அனுமதி வேண்டும். மூன்று, புதர் வெட்டும் வேலை எங்கே நடந்தாலும் முதலில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஆளை இறக்க வேண்டும். நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்திலேயே பணியிடத்தில் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்று எழுதியிருந்தது. எங்கள் ஏரிக்கரையில் நான் பெட்டியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதைத் திறந்து என்ன செய்வது என்று அன்று எனக்குத் தெரிந்திருக்காது.

நம்மைப் பற்றியும் பேசிவிடுவோம். 1948 தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளர்களுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும், முதலுதவிச் சான்றிதழ் பெற்றவர் அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. நாளைக்கு சிமெண்ட் ஆலையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் சூப்பர்வைசராகப் போகப்போவது நாம். நம் கீழே ஐம்பது பேர் வேலை செய்வார்கள். நம் ஒர்க்‌ஷாப் பெட்டியைப் போன மாதம் திறந்து பார்த்தேன். காய்ந்துபோன டிங்சர், ஒரு கத்தரிக்கோல், நாலு பிளாஸ்திரி. கண்டக்டர் லைசென்ஸ் வாங்க முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். டிப்ளமோ வாங்க யாரும் கேட்பதில்லை.

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள். வருகிற கல்வியாண்டில் ஆடி மாதத்துக்குள், அதாவது கூடுகள் பெரிதாவதற்கு முன்னால், ஒருநாள் பயிற்சி முகாம் நடத்துவோம். 108 பணியாளர்களையும் தீயணைப்பு வீரர்களையும் நம் செமினார் ஹாலுக்கு அழைப்போம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முன்நின்றால் நடக்கும். ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஒருவரைக் கூட்டி வர வேண்டும். அதுவரைக்கும் இதையாவது மனதில் வையுங்கள்:

1. முதலில் கூட்டை விட்டுத் தூரமாக ஆளைக் கொண்டுபோங்கள்.

2. கடித்த இடம் மட்டும் வீங்கினால் அது வேறு. மூச்சு இரைப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், மயக்கம், விடாத வாந்தி, உடம்பு முழுக்கத் தடிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே 108. 'கதண்டு கடி, மூச்சுத் திணறுது' என்று தெளிவாகச் சொல்லுங்கள். தடிப்பு வராமலேயும் இது வரலாம்.

3. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விட முடியாமல் தவித்தால் முதுகுக்கு அணை கொடுத்துச் சாய்த்து, காலை நீட்டி வையுங்கள். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எழுப்பி நிற்க வைக்காதீர்கள், நடக்க விடாதீர்கள், பைக்கில் உட்கார வைக்காதீர்கள்.

4. தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு தேடி ஓடி நேரத்தை விடாதீர்கள்.

5. நர்சம்மா பக்கத்தில் இருந்தால், நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நர்சம்மாவை அழைத்து வாருங்கள்.

6. மூச்சு நின்றுவிட்டால் நடு நெஞ்சில் அழுத்தத் தொடங்குங்கள். வண்டி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

7. பிழைத்து எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம்.

நண்பர்களே! நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டுக்கு முதல் படிப்பாளி. ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதவும், பேங்க் சலான் நிரப்பவும் ஊரில் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். ஒருநாள் உயிர் போகிற சமயத்திலும் நம்மைத்தான் பார்ப்பார்கள். "நீதான் படிச்சவனாச்சே, சொல்லு" என்பார்கள். எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்த தடவை நம்மில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

– டி.எம்.இ. மூன்றாம் ஆண்டு மாணவன்